வாசலுக்கு வந்து நிற்பவர்கள்: இறைவன் தந்த திறமையைப் பிறருக்குப் பயன்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடியில் ஒரு வங்கிக் கிளையில் 31 ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிந்தைய முதல் ஆறு மாதங்கள் மிகவும் கடினமாக இருந்தன. காலையில் எழுந்தால் எதற்காகக் குளித்துத் தயாராவது என்று தெரியாது. செய்தித்தாளை வரி விளம்பரம் வரை படித்து முடித்துப் பதினோரு மணிக்குத் திண்ணைக்கு வந்தால், தெரு வெறிச்சென்று கிடக்கும். பிள்ளையார்பட்டிக்குப் போய்ச் சந்நிதியில் நின்று, "இனி என்னை எதற்காக வைத்திருக்கிறாய்?" என்று வாய்விட்டே கேட்டிருக்கிறேன்.

பதில் சந்நிதியில் வரவில்லை. எதிர்வீட்டு ஆச்சியின் கையில், ஒரு மஞ்சள் பையில் வந்தது.

ஆச்சிக்கு அப்போது 78 வயது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று தெருவின் இந்த முனையிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீட்டில் அவர் ஒருவர் மட்டும். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும். இரும்புப் பெட்டியை ஒழித்துச் சுத்தம் செய்தபோது, மறைந்த கணவரின் பெயரில் இருந்த வைப்புநிதி ரசீதுகள் நான்கு கிடைத்திருக்கின்றன. எட்டாக மடித்து, மடிப்பில் பழுப்பேறி, ஓரம் பூச்சி அரித்த காகிதங்கள். ஒரு கவுண்டரில் காட்டியதற்கு, "இவ்வளவு பழையதா? இனிக் கிடைக்காது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். பத்து ஆண்டுகள் யாரும் உரிமை கோராத வைப்புத்தொகையை வங்கி, ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்கு மாற்றிவிடும். ஆனால் பணம் போட்டவரின் உரிமையோ வாரிசின் உரிமையோ அதனால் அழிவதில்லை. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அடையாள ஆவணங்கள், ஒரு விண்ணப்பம் ஆகியவற்றைக் கொடுத்தால் வங்கி வட்டியோடு திருப்பித் தர வேண்டும். நான்கு மாதம் அலைந்தோம். பணம் வந்த அன்று ஆச்சி தொகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "தம்பி, நீங்கள் சொன்னது எனக்குப் புரிந்தது. இத்தனை பேரிடம் கேட்டேன், ஒருவரும் புரிகிறாற்போல் சொல்லவில்லை" என்றார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 31 ஆண்டுகளாக என்னைக் கணக்குத் தெரிந்தவன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கணக்கு தெரிந்தவர்கள் ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். காகிதத்தைக் கண்டு பயப்படுகிறவருக்குப் பயம் தெளியும்படி எடுத்துச் சொல்ல வருவதுதான் எனக்குக் கிடைத்தது என்று அன்றுதான் தெரிந்தது.

அந்த ரசீதைப் போலத்தான் இறைவன் தரும் திறமையும் என்று நம்புகிறேன். அது நம் பெயரில் போட்டு வைத்த வைப்பு. நம் பெட்டியில் இருக்கிறது, ஆனால் உரிமைக்காரர்கள் வெளியே இருக்கிறார்கள். தேவகோட்டையில் இருக்கும் என் கிறிஸ்தவ நண்பர் இதைத் தாலந்து என்பார். எசமான் நம்பி ஒப்படைத்த பணம். வங்கியில் என் பக்கத்து மேசையில் இருந்த இஸ்லாமிய நண்பர் அமானிதம் என்பார். ஒருநாள் திருப்பி ஒப்படைக்க வேண்டிய பொருள். சைவ மரபிலோ இதற்கு நாயன்மார்களின் பட்டியலே இருக்கிறது. திருநீலகண்டர் பானை வனைந்தவர். அடியார்க்குத் திருவோடு செய்து கொடுத்தார். திருக்குறிப்புத் தொண்டர் துணி வெளுத்தார். நேசர் நெய்து கொடுத்தார். ஆனாயர் மாடு மேய்த்துக்கொண்டே குழல் ஊதினார். கண் தெரியாத தண்டியடிகள் கம்பு நட்டுக் கயிறு கட்டித் தடவித் தடவித் திருவாரூர்க் குளத்தில் மண் சுமந்தார். தன் தொழிலை விட்டுவிட்டு வேறு பெரிய காரியம் தேடிப் போகும்படி இவர்களில் யாரையும் இறைவன் கேட்கவில்லை.

கீழே எழுதியிருப்பது நானும் எங்கள் தெருவில் சிலரும் ஆறு ஆண்டுகளாக நடந்து பார்த்த வழி. வயது, படிப்பு, மதம் எதுவும் இதற்குத் தடையில்லை.

முதல் படி: ஒரு மாதம் வாசலைக் கவனியுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். 30 நாட்கள், படுக்கப் போகுமுன் மூன்று விஷயங்களை எழுதுங்கள். இன்று யார் என்னிடம் என்ன கேட்டு வந்தார்கள் அல்லது போன் செய்தார்கள்? எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை? பிறர் செய்வதைப் பார்த்து எதைச் சரிசெய்யக் கை பரபரத்தது?

மூன்றாவது கேள்வியை லேசாக எண்ண வேண்டாம். சுருதி அறிந்த காதுக்குப் பக்கத்து வீட்டு ஆர்மோனியம் விலகினால் இருப்புக் கொள்ளாது. சமையல் கை உள்ளவர் விருந்துக்குப் போன இடத்தில், பணியாரச் சட்டியில் மாவு ஊற்றுகிற சத்தத்திலேயே எண்ணெய் காயவில்லை என்று சொல்லிவிடுவார். அந்தப் பரபரப்பை நாம் குறை காணும் குணம் என்று அடக்கி வைக்கிறோம். அங்கேதான் திறமை ஒளிந்திருக்கிறது.

நமக்குச் சுலபமாக வருவதை நாம் திறமையாகவே கணக்கில் எடுப்பதில்லை. படாதபாடு பட்டுக் கற்றதைத்தான் மதிக்கிறோம். அதனால் உங்கள் நோட்டை மட்டும் நம்பாமல் இரண்டு பேரைக் கேளுங்கள். ஒருவர் உங்கள் மேல் பாசம் உள்ளவர், மற்றவர் உங்களோடு வேலை பார்த்தவர். "என் திறமை என்ன?" என்று கேட்டால் மரியாதைக்கு ஏதாவது சொல்வார்கள். "எந்தச் சிக்கல் வந்தால் முதலில் எனக்குப் போன் செய்வீர்கள்?" என்று கேளுங்கள். வருகிற பதில் பெரும்பாலும் உங்களை வியக்க வைக்கும்.

மாதக் கடைசியில் திரும்பத் திரும்ப வருவதை அடிக்கோடிடுங்கள். என் நோட்டில் "படித்துச் சொல்லுங்கள்" என்பது பதினேழு முறை வந்திருந்தது.

"எனக்கு ஒன்றுமே தெரியாது" என்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் அடக்கத்தால் சொல்வார்கள், பாதிப் பேர் உண்மையாகவே நம்பிச் சொல்வார்கள். அவர்களிடம் நான் சொல்வது இது. 18 முதல் 65 வயதுக்குள், 45 கிலோ எடைக்கு மேல், நல்ல உடல்நலத்தோடு இருந்தால் உங்கள் இரத்தமே ஒரு கொடை. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். அதிலிருந்து தொடங்குங்கள், மற்றது பின்னால் தெரியவரும்.

இரண்டாம் படி: திறமைக்குச் சரியான பெயர் வையுங்கள்

"நன்றாகச் சமைப்பேன்", "நன்றாகப் படம் வரைவேன்" என்பதெல்லாம் போதாது. இவ்வளவு பொதுவாகச் சொன்னால் அது யாருக்கு எங்கே பயன்படும் என்று தெரியாமல் போய்விடும்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணத்தைச் சொல்கிறேன். ஆத்தங்குடியில் தரை ஓடு வார்க்கிறவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் வேலை செய்வதை ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். கண்ணாடிப் பலகை மேல் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவ அச்சு. ஒவ்வோர் அறைக்குள்ளும் ஒரு நிறக் குழம்பைச் சிறு கரண்டியால் ஊற்றுகிறார். சிவப்பு பச்சைக்குள் போகக் கூடாது, மஞ்சள் ததும்பக் கூடாது. கை நடுங்கினால் ஓடு போயிற்று. ஊற்றி முடித்ததும் அச்சை நேராகத் தூக்குகிறார்; நிறங்கள் கலங்காமல் அப்படியே நிற்கின்றன. அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும், அதற்குமேல் ஈரக் கலவை. காய்ந்து, தண்ணீரில் ஊறி எழுந்தபின் கண்ணாடியை விலக்கினால், அதன் வழுவழுப்பு அப்படியே ஓட்டின் முகத்தில் இருக்கிறது.

அவருடைய திறமை என்ன? ஓடு செய்வது என்றுதான் அவரும் நினைத்திருந்தார். கண்புரை அறுவை முடிந்து வந்த அவருடைய தாயாருக்குச் சொட்டு மருந்து விடும்போதுதான் பக்கத்து வீட்டுப் பெரியவர் கவனித்திருக்கிறார். கண் அறுவைக்குப் பிறகு பல வாரங்கள், ஒரு நாளைக்குப் பலமுறை சொட்டு மருந்து விட வேண்டும். தனியாக இருக்கும் முதியவர்களால் அது முடியாது. கை நடுங்கும், மருந்து கன்னத்தில் வழியும், பாட்டில் முனை கண்ணில் பட்டுவிடும். இவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்து, ஒரே ஒரு சொட்டு விடுவார். சொட்டு விழுந்ததே தெரியவில்லை என்பார்கள். இன்று அவர் தெருவில் யாருக்குக் கண் அறுவை நடந்தாலும், பட்டறைக்குப் போகுமுன் ஒரு முறை, வந்தபின் ஒரு முறை அந்த வீட்டுக்குப் போகிறார். பகல் வேளைக்குத் தம் மனைவிக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறார்.

நடுங்காத கை, அவசரப்படாத மனம். அதுதான் அவருக்குக் கிடைத்தது. ஓடு அதற்கு ஒரு வடிவம், சொட்டு மருந்து இன்னொரு வடிவம்.

அதனால் உங்கள் நோட்டில் அடிக்கோடிட்டதை எடுத்துக்கொண்டு, "யாருக்கு, எந்த நேரத்தில், எதை எளிதாக்குகிறேன்" என்று ஒரே வரியில் எழுதுங்கள். "சமைப்பேன்" என்பது, "இருநூறு பேர் பந்திக்கு அளவு பிசகாமல், மிச்சம் விழாமல் சமைப்பேன்" என்று மாறும். "பேசுவேன்" என்பது, "துக்க வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாமல் எல்லாரும் நிற்கும்போது, பக்கத்தில் போய் உட்காரத் தெரியும்" என்று மாறும். பின்னது எத்தனை அரிய கொடை!

மூன்றாம் படி: ஊரை நடந்து பாருங்கள்

திறமையை வைத்துக்கொண்டு அதற்கு ஏற்ற தேவையை வீட்டில் இருந்தபடியே கற்பனை செய்வது பெரிய தவறு. படித்தவர்களும் வசதியானவர்களும் அதிகம் செய்கிற தவறும் இதுதான்.

குன்றக்குடி அடிகளார் (1925–1995) இதில் நமக்கு வழிகாட்டி. ஒரு மடத்தின் தலைவர், தம் ஊரில் என்ன வளம் இருக்கிறது, யாருக்கு என்ன வேலை தெரியும், யாரிடம் வேலை இல்லை என்று கணக்கெடுத்துக் கிராமத் திட்டம் வகுத்தார். 'குன்றக்குடி மாதிரி' என்று அது வெளியூரிலும் பேசப்பட்டது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் அறிவும் அந்த வேலைக்குத் துணை நின்றது. அந்த நிலையம் இந்த வறண்ட பூமிக்கு வந்ததே, வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான். ஒருவர் பணத்தைக் கொடுத்தார், அறிவியலாளர்கள் அறிவைக் கொடுத்தார்கள், அடிகளார் மனிதர்களை ஒன்றுசேர்க்கும் ஆற்றலைக் கொடுத்தார்.

நீங்கள் நடக்க வேண்டிய தூரம் மிகக் குறைவு. உங்கள் தெரு, பக்கத்து அரசுப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், பஸ் ஸ்டாண்டு, ரேஷன் கடை வரிசை. ஒவ்வோர் இடத்திலும் அரை மணி நேரம் சும்மா நில்லுங்கள். யார் தயங்குகிறார்கள், யார் திரும்பிப் போகிறார்கள் என்று பாருங்கள். பிறகு அங்கே அன்றாடம் இருக்கிறவரிடம் கேளுங்கள். செவிலியர், சத்துணவு சமைப்பவர், கோயில் வாசலில் பூ விற்கிற அம்மா ஆகியோருக்குத் தெரிகிற அளவு ஊர்த்தலைவருக்குக்கூடத் தெரியாது.

செட்டிநாட்டில் பெரிய தேவை பெரிய வீடுகளுக்குள்தான் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் வந்து பர்மா தேக்குத் தூண்களைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதே தெருவில், இருபது அறை உள்ள வீட்டில் ஒரே ஓர் அறையில் மட்டும் விளக்கு எரிகிறது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று எங்கே போனாலும் இதுதான். அங்கே இருப்பவருக்குப் பணக்குறை இருக்காது. ஏணியில் ஏறி மின்விசிறியைச் சுத்தம் செய்ய ஆள் இல்லை. பேரப்பிள்ளையுடன் வீடியோவில் பேச, போனில் எந்த இடத்தை அழுத்துவது என்று தெரியவில்லை. உடன் உட்கார்ந்து சாப்பிட ஒருவர் இல்லை. இன்னொரு பக்கம், அந்த வீடுகளில் தலைமுறையாகப் பாடுபட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் நிரப்பச் சொல்லித்தர ஆள் இல்லை. இந்த இரண்டு வாசலுக்கும் நடுவே இருபது அடி தூரம்கூட இருக்காது.

நான்காம் படி: மகமை ஒதுக்குங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இது தெரியாததால்தான் நல்லெண்ணம் உள்ள பலர் மூன்றே மாதத்தில் ஓய்ந்துவிடுகிறார்கள்.

செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தாரிடம் மகமை என்று ஒன்று உண்டு. வருவாயில் ஒரு பங்கைக் கோயிலுக்கும் அறத்துக்கும் என்று முதலிலேயே எடுத்து வைப்பது. எல்லாச் செலவும் போக மிஞ்சினால் கொடுப்போம் என்பது மகமை ஆகாது. பழனி வேலவனைத் தொழிலில் பங்காளியாக வைத்து அவன் பேரில் பற்று வரவு எழுதியதாக நம் பெரியவர்கள் கதை சொல்வார்கள். பேரேட்டில் ஒரு பக்கம் அவனுக்கு. காசிச் சத்திரமும் ஒன்பது நகரக் கோயில்களின் திருப்பணிகளும் இப்படி ஒதுக்கி ஒதுக்கிச் சேர்ந்த பணத்தில் நின்றவை.

நேரத்துக்கும் அப்படி ஒரு பக்கம் திறங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கத்துக்கு 56, வேலைக்கும் பயணத்துக்கும் 60, வீட்டு வேலைக்கும் குடும்பத்துக்கும் 30 என்று வைத்தால் மீதி 22. அதில் பத்தில் ஒரு பங்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். வாரம் இரண்டு மணி நேரம் என்றாலே ஆண்டுக்கு 104 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாகக் கணக்கிட்டால் 13 முழு நாட்கள். சிறு குழந்தை உள்ள தாய்க்கு இதுவும் முடியாது என்பது எனக்குத் தெரியும். அவர் மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்கட்டும். அளவு சிறியதாக இருக்கலாம், கிழமை மாறக் கூடாது.

நான் செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து முதல் பதினொன்று வரை திண்ணையில் இருக்கிறேன். அந்த நேரத்தில் வேறு எதற்கும் ஒப்புக்கொள்வதில்லை. தெருவுக்கே அது தெரியும். நோட்டில் தேதி, வந்தவர், காரியம், முடிந்ததா என்று நான்கு பத்தி. பெயரை முழுதாக எழுதுவதில்லை, வீட்டு அடையாளம் மட்டும். முதல் பக்கத்தின் மேலே பிள்ளையார் சுழி. இந்த நோட்டு என் கணக்கு; யாரிடமும் காட்டுவதில்லை.

ஐந்தாம் படி: ஒருவரிடம் தொடங்குங்கள்

அமைப்பு, பெயர்ப்பலகை, வாட்ஸ்அப் குழு, தொடக்க விழா எதுவும் வேண்டாம். ஒரு மனிதர், ஒரு காரியம். அது முடிந்ததும் அவரிடம், "இதில் உங்களுக்கு எது உதவியாக இருந்தது, எது தொந்தரவாக இருந்தது?" என்று கேளுங்கள். ஐந்து பேருக்குச் செய்த பிறகுதான் அடுத்ததை யோசிக்க வேண்டும்.

ஆறாம் படி: கொடையைத் தீட்டிக்கொண்டே இருங்கள்

இறைவன் கொடுத்தது என்பதற்காகப் பயிற்சி வேண்டாம் என்று ஆகிவிடாது. வங்கி விதிகள் ஆண்டுதோறும் மாறுகின்றன. நான் பணியில் இருந்தபோது தெரிந்ததை வைத்து இன்று ஆலோசனை சொன்னால் ஆச்சிக்கு நட்டம். உரிமை கோராத வைப்புகளைத் தேட ரிசர்வ் வங்கி 2023-இல் 'உத்கம்' என்ற இணையதளம் திறந்தது; அதை நான் பேரன் உதவியோடு கற்றுக்கொண்டேன். ஓய்வூதியர்கள் நவம்பரில் கொடுக்கும் வாழ்நாள் சான்றிதழை, விரல் ரேகை தேய்ந்தவர்கள் கைப்பேசியில் முகத்தைக் காட்டியே கொடுக்கலாம் என்பதையும் பிறகுதான் படித்தேன். வயலில் உழைத்துத் தேய்ந்த விரல்கள் கருவியில் பதியாமல் மூன்று முறை திரும்பி வந்த ஒரு பெரியவருக்கு, எங்கள் திண்ணையில் ஐந்து நிமிடத்தில் அந்தக் காரியம் முடிந்தது.

பிறர் கண்ணுக்குப் பொருளாகவே தெரியாத ஒரு கொடையை நாற்பது ஆண்டு தீட்டியவர் ஒருவர் நம் பக்கத்திலேயே வாழ்ந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகம், இதழ், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் எடைக்குப் போடுவதையெல்லாம் அவர் சேர்த்தார். சேர்த்ததோடு நிற்கவில்லை, பூச்சி அரிக்காமல் காத்தார், தேடி வந்த ஆய்வாளருக்கு எடுத்துக் கொடுத்தார். அவர் 1992-இல் மறைந்த பிறகு, 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, அது தமிழ்நாட்டிலேயே இருக்க வழிசெய்தது. இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்று அது நிற்கிறது. தமிழ் அச்சு வரலாற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த வாசலை மிதிக்காமல் எழுத முடியாது.

ஒழுங்கும் ஒரு கொடைதான். கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939-இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். அறிவித்த நேரத்தில் கூட்டம் தொடங்கும், அறிவித்த நேரத்தில் முடியும் என்பதற்காகவே அந்த மேடை பேர் பெற்றது. எவ்வளவு பெரிய பேச்சாளரானாலும் மணிக்குக் கட்டுப்பட்டார். நேரத்தைக் காக்கிற குணம் உங்களுக்கு இருந்தால் எந்த நல்ல காரியத்துக்கும் நீங்கள் தேவைப்படுவீர்கள்.

ஏழாம் படி: எல்லைகளை வகுத்துக்கொள்ளுங்கள்

இதை நான் காயப்பட்டுத்தான் கற்றேன். திண்ணை வேலை நன்றாக நடக்கிறது என்று தெரிந்ததும், மாலையில் கணக்குப் பாடமும் எடுக்கச் சொன்னார்கள். மறுக்க மனம் வரவில்லை. பதினான்கு பிள்ளைகள் வந்தார்கள். பெரியவர்களிடம் எத்தனை முறையும் பொறுமையாகச் சொல்ல வருகிற எனக்கு, பிள்ளைகளிடம் அந்தப் பொறுமை இல்லை. ஒருநாள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனை எல்லார் முன்னாலும் கடிந்து பேசிவிட்டேன். அவன் மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், அவன் தலை நிமிரவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. தேவை உண்மையானது, என் எண்ணமும் நல்லது. ஆனால் அந்த வேலை எனக்குக் கொடுக்கப்படவில்லை. இப்போது அந்த வகுப்பை எங்கள் தெருவிலேயே ஒரு பெண் எடுக்கிறாள். பிள்ளைகள் அவள் வீட்டைவிட்டுப் போக மறுக்கிறார்கள்.

"இது எனக்கு வராது, இவரிடம் போங்கள்" என்று சொல்வதும் தொண்டுதான். அந்த இன்னொருவரைத் தெரிந்து வைத்திருப்பது அதில் பாதி.

வேறு சில எல்லைகளையும் நான் கண்டிப்பாகப் பின்பற்றுகிறேன். யாருடைய ரகசிய எண்ணையும், கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையும் கேட்பதில்லை, அவர்களே அழுத்த வேண்டும். அசல் ஆவணத்தை ஓர் இரவுகூட என் வீட்டில் வைப்பதில்லை. யாருக்காகவும் ஜாமீன் கையெழுத்துப் போடுவதில்லை. பணத்தை என் கை வழியாகப் போக விடுவதில்லை. ஆட்டோச் செலவுக்கு என்று பத்து ரூபாய் கொடுத்தாலும் ஆட்டோக்காரரிடமே கொடுக்கச் சொல்வேன். மருத்துவம் சார்ந்த உதவி என்றால் மருத்துவர் எழுதிய சீட்டில் உள்ளதற்கு மேல் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. ஓடு வார்க்கும் நண்பர் அந்தச் சீட்டைச் சுவரில் ஒட்டச் சொல்லி, பார்த்துப் பார்த்துத்தான் விடுவார். கண் சிவந்தாலோ வலி என்றாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார். பிள்ளைகளோடு பழகும் பணி என்றால் கதவு திறந்திருக்க வேண்டும், இன்னொரு பெரியவர் உடன் இருக்க வேண்டும், பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டாரையும் மறக்கக் கூடாது. ஊருக்கெல்லாம் நேரம் கொடுத்துவிட்டு, மனைவி மருந்து வாங்கிவரச் சொன்னதை மறந்த நாட்கள் எனக்கு உண்டு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் சுட்டது. மகமை என்பது ஒரு பங்கு. முதலையே தூக்கிக் கொடுப்பதை எந்த வணிகரும் செய்யமாட்டார்.

நன்றி கிடைக்காத நாட்களும் வரும். முடித்துக் கொடுத்த காரியத்துக்குப் பிறகு தெருவில் பார்த்தும் பாராமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். உதவி வாங்கியது அவர்களுக்குக் கூச்சமாக இருக்கலாம். நானும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. நோட்டில் 'முடிந்தது' என்று எழுதிவிடுகிறேன்.

எட்டாம் படி: புள்ளி சேருங்கள்

நகரத்தார் கோயில் வரியைப் புள்ளிக் கணக்கில் போடுவார்கள். கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. கோடீசுவரரும் ஒரு புள்ளி, சிறு கடை வைத்திருப்பவரும் ஒரு புள்ளி. தொண்டிலும் அந்தச் சமநிலை வந்தால் நீடிக்கும்.

தைப்பூசத்துக்குப் பழனி நடைபயணம் போகும்போது இதைக் கண்ணால் பார்க்கலாம். குன்றக்குடியைத் தாண்டி வழி நெடுக, மோர் ஊற்றுகிறவர், காவடிக்கு முன்னால் பாட்டெடுத்துக் கொடுக்கிறவர், விடியுமுன் அடுத்த தங்குமிடத்துக்குப் போய் அடுப்பு மூட்டுகிறவர், கொப்புளம் விழுந்த பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்து மருந்திடுகிறவர் என்று ஆளுக்கொரு வேலை. யாரும் யாருக்கும் மேல் இல்லை. மருந்திடுகிறவர் ஊரில் என்ன பதவியில் இருக்கிறார் என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை.

எங்கள் தெருவில் இப்போது பதினோரு புள்ளி. காகிதத்துக்கு நான், கண் மருந்துக்கு அவர், பாடத்துக்கு அந்தப் பெண். ஒருவர் வாரம் ஒருநாள் தனியாக இருக்கும் மூன்று ஆச்சிகளோடு மதியம் சாப்பிடுகிறார். அவ்வளவுதான் அவர் வேலை. பழைய கதைகளைக் கேட்கத் தெரிந்தவர் அவர், மூன்றாம் முறை கேட்கும்போதும் முதல்முறை போலவே கேட்பார். கொட்டான் என்னும் ஓலைக் கூடை முடையத் தெரிந்த எழுபது வயது அம்மா, பனையோலையைச் சாயம் ஏற்றிச் சீராகக் கிழிக்கும் பக்குவத்தை நான்கு பெண்களுக்குச் சொல்லித் தருகிறார். அந்தப் பெண்களுக்கு இப்போது கையில் காசு புழங்குகிறது.

ஒன்பதாம் படி: கைமாற்றிக் கொடுங்கள்

திறமை என்ற இந்த வைப்பு முதிர்ந்தால் அடுத்தவர் பெயருக்கு மாற வேண்டும். தொடங்கிய இரண்டாம் ஆண்டிலேயே உங்கள் பக்கத்தில் ஒருவரை உட்கார வையுங்கள். முதலில் அவர் பார்க்கட்டும், பிறகு நீங்கள் பக்கத்தில் இருக்க அவர் செய்யட்டும், பிறகு நீங்கள் எழுந்து உள்ளே போய்விடுங்கள். மூன்றாவது கடினம். இடையில் புகுந்து திருத்த வாய் துடிக்கும், அடக்க வேண்டும்.

வாழ்வின் பொருள் எப்போது தெரியவரும் என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். எனக்கு அது ஒரு நாளில் தெரியவில்லை. நோட்டு மூன்றாவது முடிந்து நான்காவது வாங்கப் போனபோது, சந்நிதியில் அந்தப் பழைய கேள்வியைக் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது என்று கடை வாசலில் நினைவு வந்தது. கேட்காமலே இருந்திருக்கிறேன்.

கல்லூரியில் வணிகவியல் படிக்கும் மாணவி ஒருத்தி ஓராண்டாகத் திண்ணைக்கு வருகிறாள். போன வெள்ளிக்கிழமை எதிர்வீட்டு ஆச்சி மஞ்சள் பையோடு படியேறினார். நான் வழக்கம்போல் கண்ணாடியை எடுத்து மாட்டினேன். ஆச்சி என்னைத் தாண்டிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். "ஆத்தா, நீ படித்துச் சொல். நீ சொன்னால் எனக்கு நன்றாகப் புரிகிறது."

நான் கண்ணாடியைக் கழற்றி உறையில் வைத்துவிட்டு, இருவருக்கும் தண்ணீர் எடுத்துவர உள்ளே போனேன்.